காண்ட்ராஸ்ட் எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் வரும் எண்களை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 58 வயது, இடது மார்பில் புற்றுக்கட்டி. ஆபரேஷனுக்கு முன்னால் கட்டியைச் சுருக்க கீமோ போகிறது. கீமோ தொடங்குவதற்கு முன் கோவையில் ஒரு மையத்தில், 1.5 டெஸ்லா (காந்தப்புலத்தின் வலிமை) மெஷினில் காண்ட்ராஸ்ட் எம்ஆர்ஐ, அதாவது ஊசி மருந்து போட்டு எடுக்கும் எம்ஆர்ஐ, எடுத்தார்கள்: கட்டி 3.4 செ.மீ., கே-டிரான்ஸ் (அந்த ஊசி மருந்து ரத்தத்திலிருந்து கட்டிக்குள் போகும் வேகத்தைக் காட்டும் எண்) 0.28. நான்கு சுற்று முடிந்ததும், சீக்கிரம் தேதி கிடைத்ததால் வேறொரு மையத்தில், 3 டெஸ்லா மெஷினில் எடுத்தார்கள்: கட்டி 3.0 செ.மீ., கே-டிரான்ஸ் 0.34. "அளவு குறைந்திருக்கிறது, ஆனால் கே-டிரான்ஸ் 20 சதவீதத்துக்கு மேல் ஏறியிருக்கிறது. கட்டிக்கு ரத்த ஓட்டம் கூடிவிட்டதா, மருந்து வேலை செய்யவில்லையா?" என்பது அவர் கேள்வி. இதற்குப் பதில் சொல்வதற்கு முன் இன்னொன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. துளியும் மாறாத ஒரு கட்டியை இதே இரண்டு இடங்களில் இதே மாதிரி ஸ்கேன் செய்திருந்தால், இரண்டு எண்களும் எவ்வளவு தள்ளித் தள்ளி வந்திருக்கும்? அது தெரிந்த பிறகுதான் 0.28 என்பதையும் 0.34 என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருள் இருக்கிறது.

நான் டாக்டர் இல்லை. மருத்துவ இயற்பியல் படித்தவன். எம்ஆர்ஐ மெஷின்களின் தரத்தைச் சோதிப்பதும், அவை தரும் அளவுகளைச் சரிபார்ப்பதும்தான் பல வருடங்களாக என் வேலை. ஊர் குன்னூர். கீமோவைத் தொடர்வதா, மருந்தை மாற்றுவதா என்பதை உங்கள் புற்றுநோய் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அம்மாவின் படங்களையும் நான் பார்க்கவில்லை. ஆனால் அந்த எண்களைப் பற்றி என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்: இந்தக் கே-டிரான்ஸ் ஏற்றத்தை வைத்து மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்ட வழியே இல்லை. அதே சமயம், 3.4 செ.மீ. 3.0 செ.மீ. ஆனதை வைத்து மட்டும் வேலை செய்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கவலையோடு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் வேறு சிலருக்கும் இது உதவும்.

சிடி ஸ்கேனில் ஒவ்வொரு புள்ளிக்கும் வரும் எண்ணுக்கு ஓர் அளவுகோல் உண்டு. தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. ஊட்டியில் எடுத்தாலும் சென்னையில் எடுத்தாலும் அதுதான். எம்ஆர்ஐயில் அப்படி எதுவும் கிடையாது. ஒரு புள்ளியின் வெளிச்சம் 480 என்று வந்தால் அந்த 480-க்குத் தனியாக அர்த்தம் இல்லை. காயிலுக்கு (சிக்னலைப் பிடிக்கும் கம்பிச்சுருள்) எவ்வளவு பக்கத்தில் அந்த இடம் இருந்தது, நோயாளியின் உடல்வாகு, அன்றைக்கு மெஷின் தானாக வைத்துக்கொண்ட சிக்னல் பெருக்கம், எல்லாம் கலந்து வந்த எண் அது. மறுநாள் அதே ஆளை அதே மெஷினில் படுக்க வைத்தால் 610 வரலாம். படம் என்னவோ இரண்டு நாளும் ஒன்றுபோலத்தான் தெரியும். கண் பார்ப்பது ஒரு இடத்துக்கும் அதன் பக்கத்து இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. அந்த வித்தியாசம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். படத்தை நம்பலாம், எண்ணைக் கேள்வி கேட்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு அடிப்படை இதுதான்.

காண்ட்ராஸ்ட் ஊசியில் இருப்பது கேடோலினியம். அதன் அயனியில் ஜோடி சேராத 7 எலக்ட்ரான்கள் இருக்கின்றன. அதனால் பக்கத்தில் வரும் தண்ணீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள், மெஷின் கலைத்துவிட்ட நிலையிலிருந்து சீக்கிரமாகப் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. திரும்புவதற்கு ஆகும் நேரத்தை டி-1 என்போம். டி-1 குறைந்த இடம் படத்தில் பளிச்சென்று தெரியும். ஆக, நாம் காண்ட்ராஸ்ட் மருந்தை நேராகப் பார்ப்பதில்லை, மருந்து தண்ணீருக்குச் செய்ததைப் பார்க்கிறோம். சிடியில் போடும் காண்ட்ராஸ்டான அயோடின் இரண்டு மடங்கானால் எண்ணின் ஏற்றமும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். எம்ஆர்ஐயில் மருந்து குறைவாக இருக்கும்வரை வெளிச்சம் அதோடு சேர்ந்து ஏறும். மருந்து அடர்த்தியாகும்போது ஏற்றம் தளரும். இன்னும் அடர்த்தியானால் வெளிச்சம் இறங்கவே தொடங்கும். ரத்தக் குழாய்க்குள் மருந்து முதன்முதலில் திரண்டு வந்து சேரும் சில வினாடிகளில் நடப்பது இதுதான். கணக்குக்கு மிகவும் தேவைப்படுவதும் அந்தச் சில வினாடிகள்தான்.

இனி கே-டிரான்ஸ். புற்றுக்கட்டி தனக்காக அவசரமாக வளர்த்துக்கொள்ளும் ரத்தக் குழாய்களில் கசிவு அதிகம். ஊசி போட்டபின் விடாமல் படம் எடுத்துக்கொண்டே போனால், மருந்து எவ்வளவு வேகமாகக் கட்டிக்குள் ஏறுகிறது, எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று ஒரு வளைகோடு கிடைக்கும். அந்தக் கோட்டை ஒரு கணித மாதிரியில் பொருத்தி, ரத்தத்திலிருந்து திசுவுக்கு மருந்து நிமிடத்துக்கு எந்த விகிதத்தில் போகிறது என்று கணக்கிட்டு எடுக்கும் எண்தான் கே-டிரான்ஸ். பால் டாஃப்ட்ஸ் என்பவரும் கெர்மோடும் 1991-ல் மூளை நோய்க்காக முன்வைத்த மாதிரிதான் இன்றைக்கும் பெரும்பாலான மென்பொருள்களின் அடிப்படை. ஆளுக்கொரு பெயரில் இதை எழுதிக்கொண்டிருந்ததால், 1999-ல் துறையினர் பலர் கூடி ஒரே பெயருக்கும் குறியீட்டுக்கும் கொண்டுவந்தார்கள். பெயர் ஒன்றானது. எண் ஒன்றாகவில்லை. காரணம், வெளிச்சத்திலிருந்து கே-டிரான்ஸ் வரை போகும் வழியில் பல படிகள் இருக்கின்றன, ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் ஏதோ ஒன்றை அனுமானித்தாக வேண்டும்.

முதல் படி, வெளிச்சத்தை மருந்தின் அடர்த்தியாக மாற்றுவது. இதற்கு ஊசி போடுவதற்கு முன்பு கட்டியின் டி-1 எவ்வளவு என்று தெரிய வேண்டும். சில மையங்கள் அதைத் தனியாக அளக்கின்றன. சில மென்பொருள்கள் புத்தகத்தில் உள்ள ஒரு பொது எண்ணை எடுத்துக்கொள்கின்றன. காந்தப்புலம் கூடினால் திசுவின் டி-1 நீளும், அதனால் 1.5 டெஸ்லாவுக்கான எண்ணை 3 டெஸ்லா படத்துக்குப் போட்டுவிட்டால் டி-1 குறைவாக எடுக்கப்பட்டதாக ஆகும். அப்போது திசுவில் இருப்பதைவிட அதிக மருந்து இருப்பதாகக் கணக்கு காட்டும், கே-டிரான்ஸும் பொய்யாக ஏறும். தனியாக அளந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. வழக்கமான வேகமான முறையில், மெஷின் தருவதாகச் சொல்லும் சாய்கோணத்துக்கும் (அணுக்கருக்களை எவ்வளவு சாய்க்கிறது என்ற அளவு) உடம்புக்குள் உண்மையில் கிடைக்கும் கோணத்துக்கும் 10 சதவீதம் வித்தியாசம் இருந்தால், டி-1-ல் பிழை சுமார் 20 சதவீதம் வரும். 3 டெஸ்லாவில் இந்தக் கோணம் இடது மார்புக்கும் வலது மார்புக்குமே ஒன்றாக இருப்பதில்லை. அதைத் திருத்தத் தனியாக ஒரு வரைபடம் எடுக்க முடியும், ஆனால் அவசரமான ஸ்கேன் பட்டியலில் பல இடங்களில் அதை எடுப்பதில்லை.

அடுத்த படி, தமனி ரத்தத்தில் மருந்து எப்படி வந்து போனது என்ற கணக்கு. திசுவில் ஏறிய மருந்தை ரத்தத்தில் இருந்த மருந்தோடு ஒப்பிட்டால்தான் விகிதம் கிடைக்கும். இதற்காகப் பெருந்தமனியிலோ வேறொரு தமனியிலோ ஒரு வட்டம் போட்டு அளப்பார்கள். மருந்தின் அலை உச்சிக்குப் போய் இறங்குவது சில வினாடிகளில் முடிந்துவிடும். மார்பக எம்ஆர்ஐயில் வழக்கமாக ஒரு சுற்றுப் படம் எடுக்கவே 60 முதல் 90 வினாடி ஆகிறது. இந்த இடைவெளியில் அந்த உச்சி எங்கே இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் மென்பொருள் 'பொதுவான மனிதர்' ஒருவரின் ரத்தக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொள்ளும். உங்கள் அம்மாவின் இதயம் எவ்வளவு ரத்தம் அனுப்புகிறது, ஊசி எவ்வளவு வேகத்தில் போனது என்பதெல்லாம் அந்தப் பொது மனிதருக்குத் தெரியாது.

ஊசி என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ரிப்போர்ட்டில் இது வராது, ஆனால் ஸ்கேன் அறையில் தினமும் நடப்பது. கீமோவுக்கு முன் முதல் ஸ்கேனுக்கு வருபவருக்கு முழங்கை மடிப்பில் நல்ல நரம்பு கிடைக்கும். ரோஸ் நிற 20 கேஜ் வென்ஃப்ளான் (நரம்பில் செருகும் ஊசிக்குழாய்) போட்டு, இன்ஜெக்டரில் வினாடிக்கு 2 மில்லி வேகத்தில் மருந்தும் பின்னாலேயே 20 மில்லி சலைனும் போகும். நான்கு சுற்று கீமோ முடிந்து வரும்போது அதே கையில் நரம்பு கயிறு மாதிரி இறுகியிருக்கும், அல்லது தட்டுப்படவே செய்யாது. கோத்தகிரிக் குளிரில் விடியற்காலையில் கிளம்பி, காட் ரோடு வழியாக இறங்கி, வெறும் வயிற்றோடு வருபவர்களுக்கு இது இன்னும் மோசம். நர்ஸ் வெந்நீர்த் துணி வைத்து ஒத்தடம் கொடுத்து, கடைசியில் புறங்கையில் மஞ்சள் நிற, இன்னும் மெல்லிய 24 கேஜ் போடுவார். அதில் இன்ஜெக்டரை முழு வேகத்தில் விட்டால் நரம்பு வெடித்து மருந்து வெளியே போய்விடும், அதனால் வேகத்தைப் பாதியாகக் குறைப்பார்கள், சில சமயம் கையாலேயே தள்ளுவார்கள். அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. நோயாளியின் கைதான் முக்கியம். ஆனால் மருந்தின் அலை இப்போது தட்டையாக, நீளமாகப் போயிருக்கும். பொது மனிதரின் கூர்மையான அலையை வைத்துக் கணக்குப் போடும் மென்பொருளுக்கு இது தெரியாது. இந்தத் தகவலைப் படங்களோடு எழுதி வைக்கும் மையங்கள் குறைவு. எழுதி வைத்தால் பாதிக் குழப்பம் தீரும் என்று பல வருடங்களாகச் சொல்லி வருகிறேன்.

மருந்தின் பெயரும் முக்கியம். எல்லாமே கேடோலினியம்தான் என்றாலும், ஒரே அளவு கேடோலினியத்துக்கு ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் டி-1-ஐக் குறைக்கும். 1.5 டெஸ்லாவில் ரத்தப் பிளாஸ்மாவில் அந்தத் திறன் கேடோடெரேட்டுக்குச் சுமார் 3.6, கேடோபூட்ரோலுக்குச் சுமார் 5.2. கேடோபூட்ரோல் இரண்டு மடங்கு அடர்த்தியாகவும் வருகிறது; கிலோவுக்கு 0.2 மில்லி போடுமிடத்தில் இது 0.1 மில்லி போதும். ஆகவே இன்ஜெக்டரின் வேகம் அதே 2 மில்லி என்றிருந்தால், உள்ளே போகும் கேடோலினியத்தின் வேகம் இரண்டு மடங்கு. இரண்டு மையங்களிலும் ஒரே மருந்துதானா என்று உங்கள் ரிப்போர்ட்களில் பாருங்கள். பெரும்பாலும் பெயரும் மில்லியும் கடைசிப் பக்கத்தில் இருக்கும், இல்லாவிட்டால் பில்லில் இருக்கும். அம்மாவின் எடை கீமோவில் குறைந்திருந்தால் மருந்தின் அளவும் மாறியிருக்கும்.

மலையில் இருப்பவர்களிடம் நான் தனியாகக் கேட்கும் ஒன்று, ரத்தத்தின் சிவப்பணு விகிதம். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பிசிவி என்று இருக்கும். கேடோலினியம் சிவப்பணுவுக்குள் நுழையாது, பிளாஸ்மாவில் மட்டுமே இருக்கும். அதனால் தமனியில் அளந்த அடர்த்தியைப் பிளாஸ்மா அடர்த்தியாக மாற்ற பிசிவி வேண்டும். பெரும்பாலான மென்பொருள்கள் எல்லோருக்கும் 0.42 அல்லது அதையொட்டி ஓர் எண்ணைப் போட்டுவிடும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல், கோத்தகிரி 1,800 மீட்டரை ஒட்டி. இங்கேயே வாழ்பவர்களுக்கு ஹீமோகுளோபினும் அதோடு பிசிவியும் சமவெளியைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருப்பது இயல்பு. மறுபக்கம், கீமோ எடுப்பவர்களுக்கு அது இறங்கும். உண்மையான பிசிவி 0.30 ஆகவும் கணக்கில் 0.42 ஆகவும் இருந்தால், தமனியில் அளந்து போடும் கணக்கில் கே-டிரான்ஸ் உண்மையைவிட 17 சதவீதம் குறைவாக வரும். கட்டியில் எதுவும் மாறாமலே கீமோ வேலை செய்வதுபோல ஒரு தோற்றம் கிடைத்துவிடும். நீலகிரிக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. 1952-ல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இங்குள்ள பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் பண்பு (சிவப்பணுவைப் பாதிக்கும் பரம்பரைப் பண்பு) இருப்பதைக் கண்டு எழுதினார்கள். இந்தியாவில் அதுபற்றிய முதல் பதிவுகளில் ஒன்று அது. அந்தச் சமூகங்களிலிருந்து வரும் ஒருவருக்கு ரத்தசோகை இருந்தால், பிசிவியைப் பொது எண்ணாகப் போடுவது கணக்கை நேராகவே கெடுக்கும். சீட்டில் அச்சடித்து வரும் ஓர் எண்ணை மென்பொருளில் தட்டச்சு செய்ய அரை நிமிடம் போதும். இதைச் செய்யாமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

கடைசிப் படி மென்பொருள். 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், கீமோ எடுத்த 10 மார்பகப் புற்றுநோயாளிகளின் அதே படங்களைப் பல மையங்களுக்குக் கொடுத்து, அவரவர் மென்பொருளில் கணக்கிடச் சொன்னார்கள். நோயாளி ஒன்று, மெஷின் ஒன்று, ஊசி ஒன்று, ஆனாலும் கே-டிரான்ஸ் இடத்துக்கு இடம் கணிசமாக வேறுபட்டது. அந்த ஆய்விலேயே நம்பிக்கை தரும் செய்தியும் இருக்கிறது. ஒரே மென்பொருளில் முதல் ஸ்கேனையும் அடுத்த ஸ்கேனையும் கணக்கிட்டு, எத்தனை சதவீதம் மாறியது என்று மட்டும் பார்த்தபோது, பல மென்பொருள்களும் யாருக்குக் கீமோ கேட்கிறது என்பதை நன்றாகவே பிரித்துக் காட்டின. அதாவது கே-டிரான்ஸ் பயனற்ற எண் என்று நான் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துக்கொண்டு மாற்றத்தைப் பார்க்கும்போது அது பேசும். இரண்டு மையம், இரண்டு மெஷின், இரண்டு மென்பொருள் என்று வரும்போது அது பேசுவது கட்டியைப் பற்றியா மெஷினைப் பற்றியா என்று தெரியாது.

நம் ஊரில் பச்சைத் தேயிலை போடுபவர்களுக்கு இது உடனே புரியும். வெயில் நாளில் பறித்த மூட்டையையும் மழையில் நனைந்த மூட்டையையும் இரண்டு வேறு தராசில் போட்டு, இரண்டாவது ஐந்து கிலோ கூடுதல் என்றால், தோட்டத்தில் இலை கூடியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

எல்லாம் ஒன்றாகவே இருந்தால் மட்டும் எவ்வளவு ஆடும் என்று கேட்பீர்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஒரே ஆளை எந்தச் சிகிச்சையும் இல்லாமல் இரண்டு முறை எடுத்துப் பார்ப்பது. காண்ட்ராஸ்ட் ஸ்கேனில் இது சுலபம் இல்லை. கிட்னி நன்றாக இருப்பவர்களுக்கே ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாக ஒன்றரை மணி நேரம் ஆகும். முழுவதும் போக ஒரு நாளாவது காத்திருக்க வேண்டும். தேவையில்லாத இரண்டாவது டோஸ் போடுவதற்கு நோயாளியும் சம்மதிக்க வேண்டும், நெறிமுறைக் குழுவும் சம்மதிக்க வேண்டும். அதனால் இத்தகைய ஆய்வுகள் சிறியவை, உறுப்புக்கு உறுப்பு முடிவும் வேறு. வட அமெரிக்கக் கதிரியக்கச் சங்கம் 2007-ல் இதற்கென்றே ஒரு கூட்டமைப்பைத் தொடங்கி, எந்த உறுப்பில், எந்த முறையில் எடுத்தால், எவ்வளவு மாற்றத்தை உண்மை மாற்றமாக எடுத்துக்கொள்ளலாம் என்று வரையறுத்து வந்தது. உதாரணத்துக்கு, ஒரே மெஷினில் நன்றாக எடுத்தாலும் கே-டிரான்ஸ் 20 சதவீதம் ஆடும் என்று வைத்துக்கொள்வோம். இது மிகையான எண் இல்லை. இரண்டு அளவுகளுக்கு நடுவிலான மாற்றம் 95 சதவீத உறுதியோடு உண்மை என்று சொல்ல, அந்த ஆட்டத்தை 2.77-ஆல் பெருக்க வேண்டும். 55 சதவீதம் வருகிறது. அதாவது 0.28 என்பது 0.43-க்கு மேல் போயிருந்தாலோ 0.13-க்குக் கீழே இறங்கியிருந்தாலோதான் ஏதோ நடந்திருக்கிறது என்று பேசத் தொடங்கலாம். 0.34 இந்த எல்லைக்குள் எங்கோ நடுவில் நிற்கிறது, அதுவும் மையமும் மெஷினும் மாறிய பிறகு.

சரி, கட்டியின் அளவு? இது கே-டிரான்ஸைவிட எத்தனையோ மடங்கு நம்பகமானது, ஏனென்றால் மெஷின் தூரத்தை நன்றாக அளக்கும். நாங்கள் சோதனைக்கு வைக்கும் மாதிரியில் தூரம் ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் தவறினால் மெஷினைச் சரிசெய்யச் சொல்வோம். பிழை வருவது வேறு இடத்தில். கட்டியின் ஓரம் எங்கே முடிகிறது என்று ஒருவர் பார்வையில் முடிவு செய்து கோடு போடுகிறார். ஊசிக்குப் பிறகு எந்த நிமிடத்துப் படத்தில் அளந்தார், படத்துண்டின் தடிமன் என்ன, எந்தத் திசையில் நீளம் எடுத்தார் என்பதைப் பொறுத்து சில மில்லிமீட்டர் போகும், வரும். கட்டி சிகிச்சைக்கு எப்படிப் பதில் சொல்கிறது என்று அளவை வைத்து வகைப்படுத்தும் ரெசிஸ்ட் விதிகளை 2009-ல் புதுப்பித்தார்கள்; அவற்றின்படி, குறுக்களவு குறைந்தது 30 சதவீதம் சுருங்கினால்தான் கட்டி ஓரளவு பதில் சொல்கிறது என்று எழுதுவார்கள். 20 சதவீதம், அதோடு குறைந்தது 5 மி.மீ. கூடினால்தான் வளர்கிறது என்று எழுதுவார்கள். உங்கள் அம்மாவின் கட்டி 12 சதவீதம் குறைந்திருக்கிறது. விதிப்படி 'நிலையாக இருக்கிறது' என்ற இடைப்பட்ட கட்டத்தில் வரும். கட்டி உருண்டை என்று வைத்தால் அதே 12 சதவீதம் கனஅளவில் 31 சதவீதக் குறைவு, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கோடு போடுவதில் வரும் பிழையும் அதே போலப் பெருகும் என்பதை மறக்கக் கூடாது. சில கட்டிகள் உருண்டையாகச் சுருங்காமல், சுற்றளவு அப்படியே இருக்க உள்ளே சிதறிச் சிதறி அழியும். அப்படிப்பட்டவர்களுக்கு நீளத்தை மட்டும் பார்ப்பது ஏமாற்றும், படம்தான் உண்மையைச் சொல்லும்.

ரிப்போர்ட்டில் ஏடிசி என்று ஓர் எண் இருக்கிறதா என்று தேடுங்கள். அது காண்ட்ராஸ்ட் இல்லாமலே, திசுவில் தண்ணீர் எவ்வளவு தாராளமாக நகர்கிறது என்று அளப்பது. செல்கள் நெருக்கமாக இருந்தால் குறையும், கீமோவில் செல்கள் அழிந்தால் பொதுவாக ஏறும். ஊசி இல்லாததால் திரும்ப அளப்பது சுலபம். ஏசிரின் 6698 என்ற அமெரிக்க ஆய்வில், மார்பகப் புற்றுநோயாளிகளை ஒருமுறை எடுத்து, எழுந்திருக்கச் சொல்லி, மறுபடி படுக்க வைத்து எடுத்துப் பார்த்தார்கள். ஆட்டம் 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் 13 சதவீதத்துக்கு மேல் மாறினாலே கவனிக்கலாம். கே-டிரான்ஸின் 55 சதவீதத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இதுவும் அதே மெஷினில், அதே நாளில் கிடைத்த எண்தான். மையம் மாறினால் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எண்களைப் பற்றி இவ்வளவு சந்தேகம் கிளப்பியபின், காண்ட்ராஸ்ட் எம்ஆர்ஐ எடுத்ததே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். மார்பில் எத்தனை கட்டிகள், மறு மார்பில் ஏதாவது இருக்கிறதா, தோலையோ மார்புச் சுவரையோ தொட்டிருக்கிறதா, அக்குளில் கட்டி இருக்கிறதா, கீமோவுக்குப் பின் ஒளிரும் திசு இன்னும் மிச்சமிருக்கிறதா, இவற்றையெல்லாம் கண்டறிவதில் இந்த ஸ்கேனுக்கு இணையானவை குறைவு. மருந்து வேகமாக ஏறி வேகமாக வெளியேறும் வளைகோடா, மெல்ல ஏறிக்கொண்டே போகும் வளைகோடா என்ற வடிவமும் ஓரளவு நிலையானது, அதற்குக் கே-டிரான்ஸ் வேண்டியதில்லை. நான் சந்தேகப்படுவது இரண்டு தசம இடம் போட்டு, பிழை எவ்வளவு என்று சொல்லாமல் அச்சடித்து வரும் எண்ணை மட்டும்தான். அதைப் பார்க்கும் குடும்பம் ரத்தச் சர்க்கரை அளவைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறது. அப்படிப் பார்க்கச் சொல்லி யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, பார்க்காதீர்கள் என்றும் சொல்லவில்லை.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது. இரண்டு மையங்களிலிருந்தும் ஃபிலிமோடு நிறுத்தாமல், படங்களைப் பதிந்த சிடி டிஸ்க்கோ பென் டிரைவோ கேட்டு வாங்குங்கள், ஊசி போட்ட பிறகு எடுத்த எல்லாச் சுற்றுப் படங்களும் அதில் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே ரேடியாலஜிஸ்டிடம் கொடுத்து, ஒரே கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஊசிக்குப் பின் ஒரே நிமிடத்துப் படத்தில், ஒரே திசையில் கட்டியை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். "மொத்தத்தில் ஒளிரும் திசு குறைந்திருக்கிறதா, வளைகோட்டின் வடிவம் மாறியிருக்கிறதா?" என்று கேளுங்கள். இந்த இரண்டுக்கும் அவர் தரும் பதில் கே-டிரான்ஸ் எண்ணைவிட மதிப்புள்ளது. புற்றுநோய் மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்ததையும், அல்ட்ராசவுண்ட் எடுத்திருந்தால் அதையும் இதோடு சேர்த்துத்தான் முடிவெடுப்பார். ஆபரேஷனுக்குப் பிறகு வரும் பயாப்சி ரிப்போர்ட்டே கடைசித் தீர்ப்பு. கே-டிரான்ஸ் ஏறியிருக்கிறது என்பதற்காக அடுத்த சுற்றுக் கீமோவைத் தள்ளிப்போட வேண்டாம், தள்ளிப்போட நினைத்தால் முதலில் மருத்துவரிடம் பேசுங்கள்.

அடுத்த ஸ்கேனுக்கு இரண்டு மையங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். தேதி ஒரு வாரம் தள்ளிக் கிடைத்தாலும் மருத்துவர் சரி என்றால் காத்திருக்கலாம். அப்பாயின்ட்மென்ட் போடும்போதே பழைய ஸ்கேனின் தேதியைச் சொல்லி, அதே மெஷின், அதே மருந்து, அதே வேகம் வேண்டும் என்று கேளுங்கள். டெக்னீஷியன்கள் இதைத் தொந்தரவாக நினைக்க மாட்டார்கள். பழைய முறையை மெஷினிலிருந்தே எடுத்துப் போட அவர்களுக்குத் தெரியும். அந்த வாரத்து ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் கொண்டுபோங்கள்: பிசிவி கணக்குக்கு, கிரியேட்டினின் கிட்னிக்கு. எடையை அன்றைக்குப் பார்த்துச் சொல்லுங்கள். காலையில் மலையிலிருந்து இறங்குவதாக இருந்தால், முந்தைய நாளே அம்மா தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். கையை ஸ்வெட்டருக்குள் வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், நரம்பு கிடைக்க அது உதவும். இடது மார்பில் கட்டி என்பதால் வலது கையில்தான் ஊசி போடுவார்கள். எந்த இடத்தில், எந்தக் கேஜில், எவ்வளவு வேகத்தில் போட்டார்கள் என்று கேட்டு ரிப்போர்ட் கவரின் பின்புறம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். படங்களைப் பார்த்த ரேடியாலஜிஸ்ட் என்ன சொன்னார் என்று இங்கே எழுதினால், எண்களைப் பொறுத்தவரை இன்னும் தெளிவாக என்னால் சொல்ல முடியும்.